கொலையாளியின் கதையும் வலீயின் உரிமையும்

ஃபராயிள் கலைக்காக நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ‘ஸிராஜிய்யா’வின் முதற் சில பக்கங்களிலேயே வாரிசுரிமையைத் தடுக்கும் காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று கொலை. கிஸாஸையோ கஃப்பாராவையோ கடமையாக்கும் கொலையைச் செய்தவன், கொல்லப்பட்டவருக்கு உடன்பிறந்தவனாகவே இருந்தாலும், அவர் விட்டுச்சென்ற சொத்தில் ஒரு காசுக்கும் உரியவன் ஆகமாட்டான். சில ஆண்டுகளுக்கு முன் இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “கொன்றவன் அந்தச் சொத்தைத் தொட முடியாது, சரி ஹஜ்ரத். தான் கொன்ற கதையை எழுதி விற்றால் அந்தப் பணம் யாருக்கு?” என்று கேட்டார். ஆட்டோ சங்கரைப் பற்றிய இணையத் தொடரை அவர் கைப்பேசியில் பார்த்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. ஓதும் பிள்ளை பார்க்கத்தக்கதா அது என்று கடிந்துகொள்ள எழுந்த நாவை அடக்கிக்கொண்டேன். கேள்வி அவ்வளவு சரியானது.

நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் இக்கேள்வியின் வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமல் திரும்பிய வழக்கு ஒன்று உண்டு. சட்டக் கல்லூரிகளில் அந்தரங்க உரிமையின் மூலத் தீர்ப்புகளுள் ஒன்றாகப் போற்றப்படும் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்குதான் அது. 1994 அக்டோபர் 7ஆம் நாள் நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டி, எஸ்.சி. சென் ஆகியோர் அத்தீர்ப்பை வழங்கினர். போற்றுவதற்கு அதில் நிறையவே இருக்கிறது. ஆயினும் கொல்லப்பட்டவரின் வாரிசு என்ற இடத்தில் நின்று அதை வாசித்தவர்கள் குறைவு என்பதால், அவ்விடத்தில் நின்று ஒருமுறை வாசிக்க விரும்புகிறேன்.

கௌரி சங்கர் என்னும் ஆட்டோ சங்கர், சென்னைத் திருவான்மியூர்ப் பகுதியில் 1987-88 காலத்தில் நிகழ்ந்த ஆறு கொலைகளுக்காகச் செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றத்தால் 1991 மே 31 அன்று மரண தண்டனை விதிக்கப்பட்டவர். சென்னை உயர் நீதிமன்றம் 1992இல் அதை உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றம் 1994 ஏப்ரலில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கருணை மனு நிலுவையில் இருந்தபோது, சிறையில் அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஏறத்தாழ 300 பக்கத் தன்வரலாற்றை வெளியிடப்போவதாக ‘நக்கீரன்’ இதழ் அறிவித்தது. உயர் அதிகாரிகள் சிலருக்கும் தமக்கும் இருந்த தொடர்பை அதில் அவர் எழுதியிருப்பதாக இதழ் கூறியது. சிறைத்துறைத் தலைவர், இது பொய், வெளியிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதினார். இதழ் நீதிமன்றத்தை நாடியது. தீர்ப்பு வந்து ஏழு மாதங்கள் முடியுமுன்னரே, 1995 ஏப்ரல் 27 அன்று சங்கர் சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

தீர்ப்பு தனக்குத்தானே மூன்று கேள்விகளை வகுத்துக்கொள்கிறது. ஒருவர் தம் வாழ்க்கைக் கதையைப் பிறர் எழுதுவதைத் தடுக்க முடியுமா? அரசு அவதூறு என்று சொல்லி வெளியீட்டை முன்கூட்டியே தடைசெய்யலாமா? சிறை அதிகாரிகள் கைதியின் சார்பில் தடுக்கலாமா? எழுதியவர் பற்றியும் வெளியிடுபவர் பற்றியும் தடுப்பவர் பற்றியும் கேள்விகள் இருக்கின்றன. கதைக்குள் செத்துக்கிடப்பவரைப் பற்றிய கேள்வி எதுவும் இல்லை. சங்கரோ அவருடைய மனைவியோ வழக்கில் தரப்பினராகச் சேர்க்கப்படவில்லை என்பதைத் தீர்ப்பு கவனத்துடன் குறிப்பிடுகிறது. அதனாலேயே அவர் ஒப்புதல் தந்தாரா என்ற உண்மையை முடிவுசெய்ய இயலவில்லை என்கிறது. ஆறு பேரின் குடும்பங்களும் தரப்பினராக இல்லை என்பது குறிப்பிடப்படவேண்டிய குறையாகவே யாருக்கும் தோன்றவில்லை.

இதில் எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. தீர்ப்பு துணைக்கழைத்துக்கொண்ட அமெரிக்க முன்மாதிரிகளுள் இரண்டு, குற்றத்திற்கு இலக்கானோர் தொடுத்த வழக்குகள். 1952இல் பிலடெல்ஃபியா அருகே ஜேம்ஸ் ஹில் என்பவரின் வீட்டில் சிறையிலிருந்து தப்பிய மூவர் புகுந்து, குடும்பத்தையே 19 மணிநேரம் பிடித்துவைத்திருந்தனர். பின்னர் அச்சம்பவத்தை ஒட்டி நாவலும் நாடகமும் வந்தன. ஒரு பெரிய இதழ் நாடகக் காட்சிகளை அக்குடும்பத்தின் கதையாகவே படங்களுடன் வெளியிட்டது. ஹில் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடியவர் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ரிச்சர்ட் நிக்ஸன். 1967இல் ஹில் தோற்றார். மற்றொன்று, வன்புணர்ந்து கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் பெயரை ஒளிபரப்பியதற்காக அவளுடைய தந்தை தொடுத்த வழக்கு. 1975இல் அவரும் தோற்றார். இவ்வாறு, பாதிக்கப்பட்டோர் நம் தீர்ப்புக்குள் வருகிறார்கள். வேற்று நாட்டிலிருந்து, அதுவும் தோற்றவர்களாக வருகிறார்கள்.

நியாயமாகச் சொல்வதானால், நம் நீதிபதிகள் அமெரிக்கரைவிட ஓர் அடி முன்னே சென்றனர். நீதிமன்றப் பதிவேடுகளில் உள்ளதை எவரும் வெளியிடலாம் என்று விதித்த அவர்கள், பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரை மட்டும் அதிலிருந்து விலக்கினர். அந்த விலக்கு கண்ணியத்தை முன்னிட்டது, பாராட்டத்தக்கது. வெளியீட்டுக்கு முன்பே தடைபோட அரசுக்கோ அதிகாரிகளுக்கோ சட்ட அதிகாரம் இல்லை என்ற முடிவும் சரியானதே. குற்றவாளியின் வாக்குமூலம் அதிகாரத்திலிருப்போரைச் சுட்டும்போது, அதைத் தடுப்பதால் ஆதாயம் அடைவது செத்தவர் குடும்பமாக இருக்காது. ஆனால் பதிவேட்டில் இல்லாத வாழ்க்கைச் செய்திகளுக்கு யாருடைய ஒப்புதல் வேண்டும்? தீர்ப்பின்படி, அந்த வாழ்க்கைக்கு உரியவருடைய ஒப்புதல். கொலையாளியின் வாழ்க்கைக்கு உரியவர் கொலையாளி. அவர் கையால் முடிந்துபோன வாழ்க்கைக்கு உரியவர் இல்லை. உரியவர் இல்லாததால் ஒப்புதலும் தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தீபா ஜெயகுமார் வழக்கில், ஒருவருடைய அந்தரங்க உரிமை அவருடைய மரணத்துடன் முடிந்துவிடுகிறது என்று தெளிவாகவே கூறிவிட்டது. கொலை செய்வதன் மூலம் ஒருவன் தன் கதையின் மறுபாதிக்கும் தனி உரிமையாளன் ஆகிவிடுகிறான் என்ற விபரீதமான நிலை இங்கே பிறக்கிறது. நீதிபதிகள் இதை நினைத்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. நினைக்காமல் விட்டதன் விளைவு இது.

கதை யாருடையது என்ற இக்கேள்விக்கு எங்கள் தாமிரபரணிக் கரையில் பழைய விடை ஒன்று இருக்கிறது. பாபநாசம் மலையில், காரையாற்றுப் பக்கம், சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டனுக்கு வழிபாடு நடக்கிறது. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை பதிப்பித்ததால் அந்தக் கதைப்பாடல் கல்வியுலகுக்கும் தெரிந்த ஒன்று. மாடு கவர வந்தவர்களால் கொல்லப்பட்டவன் முத்துப்பட்டன். வில்லுப்பாட்டில் பாடப்படுவது அவன் பிறப்பும் காதலும் சாவும். கொன்றவர்கள் கதையில் வந்து போகிறார்கள், அவ்வளவே. நெல்லை, குமரி வட்டாரத்தில் அநியாயமாகச் செத்தவர்களுக்கே இத்தகைய கதைகள் மிகுதி. மனிதரை வழிபடுவது நம் அகீதாவுக்கு முற்றிலும் புறம்பானது. அதைப் பற்றிச் சமரசம் இல்லை. ஆனால் ஒரு கொலையின் கதையில் நடு இடம் யாருக்கு என்பதில் அந்தக் கிராமத்துப் பாடகர்கள் தெளிவாக இருந்தனர்.

இதே மாவட்டத்தில் அந்தத் தெளிவு கலங்கிய இடமும் உண்டு. 1920களின் தொடக்கத்தில் களக்காடு, நாங்குநேரிப் பக்கம் கொள்ளையடித்துத் திரிந்து, 1923இல் காவலரால் கொல்லப்பட்ட ஜம்புலிங்கம் பற்றிக் கதைப்பாடல்கள் எழுந்தன. டோனாவூரில் இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவனை நேரில் அறிந்தவர். பெயரை மாற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்பதே இரு பக்கமும் நிற்கும் சித்திரம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். காலனியக் காவல்துறையின் கொடுமையும் உண்மையே. அவனும் கொல்லப்பட்டவன் என்பதால் வில்லுப்பாட்டின் இலக்கணத்திற்கு அவன் பொருந்திவிட்டான். இன்று ஜம்புலிங்கத்தின் பெயர் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். கதவை உடைத்துப் புகுந்தபோது அந்த வீடுகளுக்குள் இருந்தவர்களின் பெயர் ஒன்றுகூட எவருக்கும் தெரியாது. அந்தப் பாட்டில் அவர்கள் எவனுடைய ஈகைக்கோ மூலதனம் தந்தவர்கள் மட்டுமே.

பாட்டுக்குக் கிடைத்தது அரிசியும் சில்லறையும். இன்றைய கதைக்குக் கிடைப்பது வேறு. 2019இல் வெளிவந்த அந்த இணையத் தொடருக்குப் பெயரே ‘ஆட்டோ சங்கர்’தான். வீரப்பனின் கதையை ஒட்டி எடுக்கப்பட்ட ‘வனயுத்தம்’ 2013இல் வெளிவருவதற்கு முன், அவருடைய மனைவி தம் அந்தரங்க உரிமையை முன்வைத்து நீதிமன்றம் சென்றார். உச்ச நீதிமன்றம்வரை சென்ற அவ்வழக்கில் தயாரிப்புத் தரப்பு அவருக்கு 25 லட்சம் ரூபாய் தருவது என்று முடிந்தது. அவர் கேட்டதில் தவறில்லை. தம் வாழ்க்கை தம் அனுமதியின்றிக் காட்டப்படுவதை எந்தப் பெண்ணும் எதிர்க்கலாம். நான் கவனிப்பது கணக்கின் மறுபக்கத்தை. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே வீரப்பன் கூட்டத்தின் கண்ணிவெடியில் இறந்தோர் 22 பேர். அவர்களுடைய மனைவியரும் தாய்மாரும் அதே படத்தின் முன் நின்று கேட்பதற்கு, நம் சட்டத்தில் ஒரு வாசகம்கூட எழுதப்பட்டிருக்கவில்லை.

எழுதிப்பார்த்த நாடு அமெரிக்கா. நியூயார்க் மாநிலம் 1977இல், தொடர் கொலையாளி ஒருவன் தன் கதையைப் பெருந்தொகைக்கு விற்றுவிடுவான் என்ற அச்சத்தில் ஒரு சட்டம் இயற்றிற்று. குற்றவாளிக்கு வெளியீட்டாளர் தரவேண்டிய தொகை அரசு வாரியத்திடம் செல்லும். பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்து அதிலிருந்து பெறலாம். ஹென்றி ஹில் என்ற குற்றக்கும்பல்காரனின் கதை தொடர்பாகப் பதிப்பகம் ஒன்று தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1991இல் அச்சட்டத்தை ரத்துசெய்தது. (பாதிக்கப்பட்ட ஹில் தோற்றதும், குற்றவாளி ஹில்லின் பதிப்பகம் வென்றதும் ஒரே நீதிமன்றத்தில் என்பது தற்செயல்தான்.) குற்றத்தின் பலனிலிருந்து பாதிக்கப்பட்டோருக்கு ஈடு கிடைக்கவேண்டும் என்ற நோக்கத்தை நீதிபதிகள் முழுமையாக ஏற்றனர். பேச்சினால் வரும் பணத்தை மட்டும் பிரித்துக் குறிவைத்ததையும், குற்றத்தைப் போகிறபோக்கில் குறிப்பிடும் நூலையும் வலைக்குள் இழுத்ததையும் அவர்கள் ஏற்கவில்லை. அந்த வலையில் விழுந்திருக்கக்கூடிய நூல்களுக்கு அவர்கள் தந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று மால்கம் எக்ஸின் தன்வரலாறு.

நம் வாசகர்கள் இங்கே சற்று நிற்கவேண்டும். திருட்டுக் குற்றத்திற்காக 1946இல் சிறை சென்று, அங்கே படித்து, 1952இல் வெளியே வந்து, 1964இல் ஹஜ்ஜில் நின்ற மனிதரின் நூல், 1977இன் சட்டப்படி கணக்கிட்டால் ‘குற்றத்தின் கதை’. பாவத்திலிருந்து திரும்பியவனின் சொல்லையும் பாவத்தை விற்பவனின் சொல்லையும் ஒரே தராசில் நிறுக்கும் சட்டம் நமக்கு வேண்டாம். நியூயார்க் 2001இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது இதைக் கற்றுக்கொண்டிருந்தது. தண்டனை பெற்றவருக்கு எந்த வழியில் 10,000 டாலரோ அதற்கு மேலோ வந்தாலும் பாதிக்கப்பட்டோருக்குத் தகவல் தரப்பட வேண்டும். அவர்கள் வழக்குத் தொடுக்கப் புதிய கால அவகாசம் உண்டு. நூலைச் சட்டம் தொடவில்லை. கடனாளியின் பையைத் தொட்டது.

மாணவரின் கேள்விக்கு ஃபிக்ஹு வழி இதற்கு அருகில்தான் செல்கிறது என்பது என் எண்ணம். அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் வலீக்கு அதிகாரம் தந்திருப்பதாகவும், அவரும் வரம்பு மீறக் கூடாது என்பதாகவும் அல்-இஸ்ரா அத்தியாயத்தின் 33ஆம் வசனம் கூறுகிறது. இரத்தத்தின் உரிமை அரசிடம் இல்லை, வலீயிடம் இருக்கிறது. கொலையாளிக்கு வாரிசுரிமை இல்லை என்ற நபிமொழியிலிருந்து ஃபுகஹாக்கள் கிளைத்தெடுத்த பொது விதியை உஸ்மானிய ‘மஜல்லா’ தன் 99ஆம் விதியாக வைத்தது: ஒன்றை அதன் காலத்துக்கு முன் அவசரப்பட்டு அடைய முயல்பவன் அதை இழப்பதே தண்டனை. கொலையால் வரும் ஆதாயத்தைக் கொலையாளியின் கையில் விடுவதில்லை என்ற மனப்போக்கு இதில் தெளிவு.

ஆனால் கதை விற்ற பணத்திற்கு இவ்விதியை நேரே நீட்டினால், வகுப்பில் கூர்மையான மாணவன் எவனும் ‘கியாஸ் மஅல் ஃபாரிக்’, வேறுபாடு இருந்தும் ஒப்பிடுகிறீர்கள், என்பான். வாரிசுச் சொத்து இறந்தவருடையது. கதை கொன்றவனின் நினைவு. கஸ்பு, அதாவது பறிமுதல், பற்றிய பாடம் இன்னும் சற்று நெருங்கி வருகிறது. பறித்த பணத்தைக் கொண்டு வாணிபம் செய்து இலாபம் கண்டவன் முதலைத் திருப்பித் தந்துவிட்டான், இலாபம்? அது அவனுக்கே ஆகும் என்றார் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்). அதில் தூய்மை இல்லை, தர்மம் செய்துவிட வேண்டும் என்றனர் அபூஹனீஃபாவும் முஹம்மதும் (ரஹ்). பறிக்கப்பட்ட வீட்டின் பயன்பாட்டுக்கும் வாடகை கணக்கிட்டு உரியவருக்குத் தரவேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. பயன்பாடு பொருளாகாது என்று முற்கால ஹனஃபீகள் மறுத்தனர். பிற்கால ஹனஃபீகளோ மூன்றில் மட்டும் இறங்கிவந்தனர்: வக்ஃபுச் சொத்து, வருமானத்துக்கென வைக்கப்பட்ட சொத்து, யதீம்களின் சொத்து. அநியாயக்காரர்கள் பெருகியதைக் கண்டே இறங்கிவந்தனர். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி நூலுரிமை முதலியவற்றை மதிப்புள்ள உரிமைகளாக ஏற்றதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுத்து பொருளாகிவிட்ட காலத்தில், தந்தையைக் கொன்றவன் அந்தச் சாவை எழுதி ஈட்டும் பொருள் அந்த யதீமுக்கு முற்றிலும் அந்நியமானது என்று என்னால் கூற முடியவில்லை.

இதற்கும் மறுப்பு உண்டு. தூக்கு நிறைவேறிவிட்டால் கிஸாஸ் முடிந்தது. கிஸாஸுக்குப் பின் திய்யத் ஏது என்று கேட்கலாம். வலீ கிஸாஸைத் தேர்ந்திருந்தால் அந்த வாதம் நிற்கும். நம் நாட்டில் வலீயிடம் எவரும் கேட்கவே இல்லை. கேட்கப்படாத உரிமை தீர்க்கப்பட்ட உரிமை ஆகாது. மற்றொரு மறுப்பு இன்னும் வலியது: தொடரை எடுத்தவர் கொலையாளி அல்லர். உண்மைதான். ஃபிக்ஹின் ளமான், அதாவது ஈடு செய்யும் பொறுப்பு, அவரைத் தொடாது. கொலையாளிக்கும் அவன் தரப்புக்கும் தரப்படும் தொகையை மட்டுமே தொடும். எஞ்சியது தயாரிப்பாளரின் மனசாட்சிக்கும் நம் போன்ற விமர்சகரின் பேனாவுக்கும் உரியது.

தவ்பாவின் கதையை எப்படிச் சொல்வது என்பதற்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 187இல் மக்காவில் மறைந்த ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) தொடக்கத்தில் அபீவர்துக்கும் ஸரக்ஸுக்கும் இடையே வழிப்பறி செய்தவர். அல்-ஹதீத் அத்தியாயத்தின் 16ஆம் வசனத்தைச் செவியுற்றுத் திருந்தியதை நம் பயான்களில் கேட்காதவர் இல்லை. ஆனால் ஃபரீதுத்தீன் அத்தாரின் ‘தத்கிரா’ அத்துடன் நிறுத்தவில்லை. திருந்திய ஃபுளைல் தாம் கொள்ளையடித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று சமாதானம் செய்ததையும், அபீவர்தில் ஒரு யூதர் எளிதில் மசியாமல் ஒரு மணல்மேட்டை அப்புறப்படுத்தச் சொன்னதையும் விவரிக்கிறது. அவ்விடத்தில் கதையின் பிடி ஃபுளைலிடமிருந்து அந்த யூதரிடம் போய்விடுகிறது. மன்னிப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவுசெய்கிறார். நம் மேடைகளில் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். கள்வன் வலீயுல்லாஹ் ஆன வியப்பே நமக்குப் போதுமாயிருக்கிறது. இதில் திரைக்காரரை மட்டும் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

இனி, இந்நாட்டுச் சட்டத்தில் வாரிசுக்கு என்னதான் இருக்கிறது? அபராதத்திலிருந்து ஈடு தர நீதிமன்றத்துக்கு நெடுங்காலமாக அதிகாரம் உண்டு. 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்த 357அ பிரிவு அரசு நிதியிலிருந்து ஈடு பெற வழிசெய்தது. 2024 ஜூலை முதல் இவை புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 395, 396ஆம் பிரிவுகளாக இருக்கின்றன. அதே சட்டத்தின் 107ஆம் பிரிவு புதுமையானது: குற்றத்தால் நேராகவோ மறைமுகமாகவோ பெற்ற சொத்தை முடக்கி, மாவட்ட ஆட்சியர்வழி பாதிக்கப்பட்டோருக்குப் பகிர்ந்தளிக்கலாம். கதையின் கூலி ‘மறைமுகமாக’ப் பெற்றதாகுமா என்று ஒரு வழக்கறிஞர் வாதிட இடமிருக்கிறது. ஆயினும் அந்தப் பிரிவின் கதவைத் திறக்கவேண்டியவர் விசாரணை நடத்தும் காவல் அதிகாரி; தன்வரலாறோ விசாரணை முடிந்து பல்லாண்டுகள் கழித்து எழுதப்படுவது.

எஞ்சியிருப்பது ஒரு பழைய சட்டம். 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டம், பெயரில் விபத்து என்றிருந்தாலும், அடாத செயலால் ஒருவர் இறந்தால், அச்செயல் கொடுங்குற்றமாகவே இருந்தாலும், அவருடைய கணவனோ மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ ஈடு கேட்டு உரிமை வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. வலீயின் உரிமைக்கு நம் சட்டத்தில் மிக அண்மையில் நிற்பது இதுவே. ஆனால் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அதற்கு விதித்த காலம், இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. காலம் கடந்ததால் உரிமை அழிந்துவிடாது என்று மஜல்லாவின் 1674ஆம் விதி சொல்கிறது. வழக்கைக் கேட்பதற்கு அதுவும் கால எல்லை வைக்கிறது என்றாலும், அந்த எல்லை பொதுவாகப் பதினைந்து ஆண்டு. குற்றவாளியின் கைக்குக் கதையின் பணம் வந்துசேரும் நாளிலிருந்து இரண்டு ஆண்டைப் புதிதாக எண்ணத் தொடங்கலாம் என்று நம் நாடாளுமன்றம் ஒரு வரி சேர்த்தால், எந்த நூலையும் தடைசெய்யாமலே இவ்வாசல் திறக்கும். மாணவரிடம் அன்று நான் இவ்வளவும் சொல்லவில்லை. மஸ்அலாவைத் தேடிப்பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தேடிப்பார்த்தபோது கண்ட கணக்கு இது: திருவான்மியூர்க் கொலைகளில் கடைசியானது நடந்தது 1988இல். அந்தக் குடும்பத்துக்கான இரண்டு ஆண்டு 1990இலேயே முடிந்துவிட்டது. தன்வரலாறு அறிவிக்கப்பட்டது 1994இல்.